காட்டுப் பக்கம் திரும்பிய ஒலிபெருக்கி

தைப்பிங்
16.1.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

வந்த நாளிலிருந்து இந்த ஊர் மழை என்னை நனைத்துக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே நீங்களும் அண்ணியும் மகள் மலரும் சுகமா? அண்ணியின் இடுப்புவலி குறைந்ததா?

புதிய பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்தான். ஆசிரியர் அறையில் எனக்கென்று ஒரு மேசை, ஒரு அலமாரி. எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை. மாற்றல் உத்தரவு வந்தபோது நவமணி கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று கோயிலில் எல்லாரிடமும் பெருமையடித்தீர்களாம். பஸ் ஈப்போவைத் தாண்டியதும் நன்றாகவே அழுதேன், போதுமா?

போன வருடம் முழுக்க நம் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் பதினோரு பேரை நான்காம் படிவ வகுப்பில் இழுத்துப் பிடித்தேன். ஆங்கிலப் பாடம் என்றாலே மேசையைப் பார்த்துக் குனிகிற பிள்ளைகள். வருடக் கடைசியில்தான் வாயைத் திறந்தார்கள். திறந்த நேரம் பார்த்து என்னைத் தூக்கி இங்கே போட்டுவிட்டார்கள். இது ஐந்தாம் படிவம், பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சை வருடம். என் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை, வேறு பாட ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் எட்டிப் பார்க்கிறார் என்று மலர் எழுதியிருக்கிறாள். அவள் கேட்பது நர்ஸ் வேலைக்கான தாதிப் பயிற்சி. ஆங்கிலத்தில் வெறும் பாஸ் போதாது, கிரெடிட் இல்லாவிட்டால் அவள் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். இது உங்களுக்கும் தெரியும்.

அதனால் ஒரு காரியம் செய்யப் போகிறேன். வாரம் ஒரு பாடத்தைக் கேசட்டில் பேசித் தபாலில் அனுப்புகிறேன். நான் கேள்வி கேட்டு நிறுத்துவேன், பிள்ளைகள் அந்த இடைவெளியில் பதில் சொல்ல வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு நானே தெலுக் இந்தான் வருவேன். தோட்டத்துக்குள் வந்தால் திரும்பக் கடைசி பஸ் கிடைக்காது. டவுனில் சங்கக் கட்டடத்து மேல்மாடியைக் கேட்டு வைத்திருக்கிறேன், பிள்ளைகள் அங்கே வரட்டும். கொஞ்சம் பள்ளியில், கொஞ்சம் கேசட்டில், கொஞ்சம் என் முகத்துக்கு எதிரே. மூன்றையும் சேர்த்தால் ஒரு ஆசிரியை தேறாமலா போவாள்?

முதல் கேசட் இதோடு வருகிறது. உங்கள் ரேடியோவில் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துப் போடுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை
நவமணி


தோட்டம்
30.1.1983

அன்புத் தங்கை நவமணிக்கு,

அண்ணன் அர்ச்சுனன் எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நலம். அண்ணி வீரம்மாவின் இடுப்புவலி அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

கேசட் கிடைத்தது. ஆனால் ரேடியோ தீபாவளிக்கே உயிரை விட்டுவிட்டது. லயத்து வீடுகளில் மற்றவர்கள் வைத்திருப்பதும் பாதிப் பாட்டில் நாடாவை மென்று தின்கிற ஜாதி. நல்லபடி ஓடுகிற பெட்டி தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கோயில் மைக்செட். அதற்குப் பொறுப்பாளன் உன் அண்ணன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கோயில் வாசலில் உட்காரவைத்து, பேட்டரியை மாட்டி, உன் கேசட்டைப் போட்டேன். சத்தத்தைக் குறைக்கத் திருகினேன். அந்தத் திருகாணி பல வருடமாகக் குறைப்பதற்கு வேலை செய்வதில்லை என்பது நினைவில் இல்லை. உன் "குட் ஈவினிங் எவ்ரிபடி" நாலு லயத்தையும் தாண்டி, ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகையைத் தாண்டி, கணக்கெழுதுகிற கிராணி வீட்டு நாயைக் குரைக்க வைத்தது. பொம்பளைகள் குழாயடியில் குடத்தை விட்டுவிட்டு நின்றார்கள். உனக்குக் கல்யாணம் முடிவாகி அதைத்தான் மைக்கில் சொல்கிறார்கள் என்று பாதிப் பேர் நினைத்தார்களாம்.

கோயில் தலைவர் பழனியப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னாலா அர்ச்சுனா இது? ஆத்தா கோயில்ல வெள்ளைக்காரன் பாஷையா? நாளைக்குச் சாமி வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

நான் வாயைத் திறப்பதற்குள் குழாயடியிலிருந்து இருளாயி அக்கா குரல் கொடுத்தது. "ஏன் தலைவரே, திருவிழா ராத்திரி பூரா சினிமாப் பாட்டுப் போட்டீங்களே, அப்ப ஆத்தா கேக்கலையாக்கும்? புள்ளைங்க படிக்கிறதுதான் அவளுக்கு ஆகலையா?"

கூட்டம் சிரித்தது. தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். முதலில் கோயில் மணி, பிறகு கொஞ்சம் நாதஸ்வரம், அதற்குப் பிறகுதான் ஆங்கிலம். இனிமேல் நீயே இரண்டையும் கேசட்டின் தொடக்கத்தில் சேர்த்து அனுப்பு. மலர் முன்வரிசையில் உட்கார்ந்து பதில் சொன்னாள். மற்றப் பிள்ளைகளுக்கு அவளைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது.

ஒன்று கேட்க வேண்டும். நடுவில் ஒரு ஆம்பளைக் குரல் "மே ஐ கம் இன், மிஸ்?" என்று கேட்டது. யார் அது? நீ "எஸ், யூ மே" என்று வேறு சொல்கிறாய்.

இப்படிக்கு
அண்ணன் அர்ச்சுனன்


தைப்பிங்
13.3.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துச் சிரித்தேன். தலைவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இங்குள்ள கோயிலில் மணியும் நாதஸ்வரமும் பதிவு செய்துகொண்டேன். ஐயர் ஏன் என்று கேட்டார், ஆங்கிலப் பாடத்துக்கு என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

முதல் ஞாயிறு சங்கக் கட்டடத்தில் பிள்ளைகளைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. போன வருடம் மூச்சுவிடாத பையன்கள்கூட ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மடக்குகிறார்கள். எல்லாருக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். மைக்செட்டோடு போட்டி போட்டுப் பழகிவிட்டார்கள் போலிருக்கிறது. மலர் என்னைவிட வேகமாகப் பேசுகிறாள். பெருமையாக இருந்தது, அண்ணே. நம் காலத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து பள்ளிக்குப் போன பெண்பிள்ளை நான் ஒருத்திதான். இன்றைக்கு ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து எனக்குப் பதில் சொல்கிறார்கள்.

பதிவுப் பெட்டி இங்கே அறிவியல் ஆசிரியராக இருக்கும் சிவானந்தன் மாஸ்டருடையது. யாழ்ப்பாணத்துக் குடும்பம். பெட்டியைத் தொட அவருக்குத்தான் தெரியும், அதனால் கூட இருக்கிறார். வேறு செய்தி இல்லை.

அண்ணியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மலரை வாரம் ஒரு கடிதம் எனக்கு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தங்கை
நவமணி


தோட்டம்
11.4.1983

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் இருக்கிறோம். நீ நலமா?

கேசட்டுகள் ஒழுங்காக வருகின்றன. சாயங்காலம் பிள்ளைகளுக்கு வழக்கம்போலப் போடுகிறேன். இப்போது காலையில் ஆறரை மணிக்கும் ஒருமுறை போடுகிறேன். பெட்டி சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும் என்று சொல்கிறார்கள். அந்த நேரத்தில் கைப்பிள்ளைகள் தூங்கும் என்பதால் ஒலிபெருக்கியின் வாயை லயத்துப் பக்கத்திலிருந்து ரப்பர் காட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன்.

இடைவெளியைக் கொஞ்சம் நீட்டி விட முடியுமா? கையில் வேலை இருக்கிறவர்களுக்கு உடனே பதில் சொல்ல வராது அல்லவா.

நீ அன்றைக்கு வேறு செய்தி இல்லை என்று எழுதியிருந்தாய். இங்கும் வேறு செய்தி இல்லை.

அண்ணன்


தைப்பிங்
2.5.1983

அண்ணனுக்கு,

நலம் கேட்டு எழுத மனம் வரவில்லை. அங்கே நலம் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் போன கடிதத்துக்கு உடனே பதில் போட்டேன். மலர் ஏன் எழுதுவதில்லை, காலை ஆறரைக்கு மரங்களுக்கு யார் பாடம் கேட்டது என்று விளையாட்டாகக் கேட்டிருந்தேன். உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று ஞாயிறு வகுப்புக்கு வந்தேன். மலர் வழக்கம்போல் முன்னால் உட்காரவில்லை, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். கிளம்பும்போது கட்டிப்பிடித்தேன். அவள் தலைமுடியில் ரப்பர் ஒட்டுப்பால் வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடை அது. அந்த வாடையிலே பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கா தெரியாது?

அப்போதுகூட லீவு நாளில் அம்மாவுக்கு ஒத்தாசை செய்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். பஸ் ஈப்போவில் நின்றபோதுதான் உறைத்தது. காலை ஆறரை. காட்டுப் பக்கம் திரும்பிய ஒலிபெருக்கி. கையில் வேலை இருக்கிறவர்கள். அண்ணே, மலர் பள்ளிக்கூடம் போவதில்லை. பால் வெட்டப் போகிறாள்.

எதனால் என்று எனக்குத் தெரியாது. என்ன நடந்திருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் வாரா வாரம் தொண்டை வற்றப் பேசி அனுப்புகிறேன், நீங்கள் மணியடித்து நாதஸ்வரம் போட்டு என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். என்னைக் காட்டி, இவள் கையில் பால்வெட்டுக் கத்தி பிடிக்கக் கூடாது என்று அப்பா சாவுக்குக் கூடியவர்கள் முன்னால் சத்தம் போட்டுச் சொன்னவர் நீங்கள்தானே?

பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பேன்.

நவமணி


தோட்டம்
20.5.1983

அன்புத் தங்கைக்கு,

உன் கடைசி வரிக்குப் பயந்துதான் சொல்லவில்லை. நீ சொன்னதைச் செய்கிறவள். உன் கோபம் நியாயம். எனக்கும் கோபம் உண்டு, அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மார்ச் மாதக் கடைசியில் உன் அண்ணி பால் வாளியோடு பலகைப் பாலத்தில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்டது கோணலாகக் கூடி, மறுபடி ஒடித்துக் கட்டியிருக்கிறார்கள். பல மாதம் ஆகும் என்கிறார்கள். அவள் பெயரில் இருக்கிற மர வரிசையை, அந்த நிரையை, யாராவது வெட்டாவிட்டால் குத்தகைக்காரன் ஆள் வந்து வெட்டுவான். அப்படிப் போன நிரை எவளுக்கும் திரும்பி வந்ததில்லை. நான் நிறுக்கிற கொட்டகை ஆள், மரத்துக்கு என்னை மாற்ற மாட்டார்கள். அவள் விழுந்த அன்றைக்கு ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குப் பெயர் கூப்பிடுகிற நேரத்தில் மலர் அம்மாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

"அம்மா கை சரியாவுற வரைக்கும்தான்ப்பா. அத்தைக்கு மட்டும் சொல்லிறாதீங்க, ஓடி வந்துரும்."

அன்றைக்குக் கோயிலுக்குப் போய் ஆத்தாவைத் திட்டினேன். திட்டி முடித்தபோது எதிரே மைக்செட் இருந்தது. வெட்டுக்காடு கோயிலுக்குப் பின்னாலேயே தொடங்குகிறது. அண்ணியின் நிரை கூப்பிடு தூரத்தில்தான். எனக்குக் கொட்டகையில் பால் வருகிற வரை வேலை இல்லை. ஒலிபெருக்கி கட்டியிருக்கிற கோயில் மரத்தின் மேல் ஏறி அதைத் திருப்பினேன்.

நான் உன்னை ஏமாற்றவில்லை, நவமணி. உன் பாடத்தை அவள் இருக்கிற இடத்துக்கு அனுப்பினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பள்ளியில் தலைமையாசிரியர் அவள் பெயரை வெட்டப் போவதாகக் கடிதம் அனுப்பிவிட்டார். இதையும் சொல்லிவிட்டேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

அண்ணன்
அர்ச்சுனன்


தைப்பிங்
15.6.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அண்ணி ஒற்றைக் கையால் கட்டிக்கொடுத்த சோற்றை ஈப்போ பஸ் நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அண்ணியின் வீக்கம் வற்றுகிறதா? ஒத்தடம் விடாமல் கொடுங்கள்.

விடுமுறையில் உங்களோடு இருந்தது நல்லதாகப் போயிற்று. எரிச்சலெல்லாம் அண்ணியின் கையைப் பார்த்ததும் போய்விட்டது. அன்று காலை மலரின் பின்னாலேயே நிரை முழுக்க நடந்தேன் அல்லவா? அவள் மரத்தில் கீறி, பால் பிடிக்கிற மங்குக் கோப்பையைச் சரிசெய்து, அடுத்த மரத்துக்கு நடக்கிறாள். நான் இங்கே மேசையில் உட்கார்ந்து விட்ட இடைவெளி அவள் கத்தியை எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அவள் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது என் குரல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. பாவம், இரண்டரை மாதமாக அப்படி என்னைத் துரத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். இனிமேல் காலைப் பாடம் தனிக் கேசட். ஒரு மரத்தில் கேள்வி, நடக்கும்போது யோசனை, அடுத்த மரத்தில் பதில். சிவானந்தன் மாஸ்டர் பள்ளித் தோட்டத்து மாமரங்களுக்கு இடையே நடந்து நடந்து எனக்கு நேரம் சொல்கிறார். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

தலைமையாசிரியரைப் பார்த்ததை உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. கோபப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவீர்கள் என்று பயம். "முகத்தையே காட்டாத பெண்ணை எப்படிப் பரீட்சைக்கு அனுப்புவது? காட்டில் மைக் கேட்பது படிப்பா?" என்றார். நான் விடவில்லை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அந்த நாளெல்லாம் பள்ளிக்கு வருவாள், வெயில் நாளில் கேசட்டில் படிப்பாள், மாதம் ஒருமுறை என்னிடம் வருவாள் என்று சொன்னேன். கடைசியில் ஒரு வார்த்தை கொடுத்தார். ஜூலையில் ஆங்கில வாய்மொழித் தேர்வு. அதில் மற்றவர்களைப் போலப் பேசிவிட்டால் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் அன்றைக்கே வெட்டிவிடுவார்.

மலரிடம் சொல்லுங்கள். எதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தங்கை
நவமணி


தோட்டம்
24.7.1983

அன்புத் தங்கை நவமணிக்கு,

ஆத்தா துணை! எல்லாரும் நலம், எல்லாரும் நலம். வெற்றிலை பாக்கோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் காட்டுக் கதையைக் கேள். உன் புதுக் கேசட் வந்த நாளிலிருந்து பதில் சொல்வது மலர் மட்டும் இல்லை. பக்கத்து நிரை இருளாயி அக்கா தொடங்கி வைத்தது. நீ "வாட் டிட் யூ டூ எஸ்டர்டே?" என்று கேட்டால் ஒரு மரம் கழித்துக் காடு முழுக்கப் பொம்பளைகள் கத்துகிறார்கள். முதலில் கிண்டலுக்குத்தான் கத்தினார்கள். இப்போது கேசட் பிந்தினால் என்னைத் திட்டுகிறார்கள். போன வாரம் தோட்டத்து மேனேஜர் துரை ஜீப்பில் சுற்றிப் பார்க்க வந்து சேற்றில் இறங்கி நின்றார். இருளாயி அக்கா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, "குட் மார்னிங் சார், ஹவ் டு யூ டூ, ப்ளீஸ் சிட் டவுன்" என்றது. உட்கார அங்கே ஒட்டுப்பால் சாக்குதான் இருந்தது. துரை சிரித்துக்கொண்டே அதில் உட்கார்ந்தார். கால்சட்டை ஒட்டிக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் போனது தனிக் கதை.

இனி தேர்வு. வெள்ளிக்கிழமை நானும் மலரோடு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் என்னை வராந்தாவில் நிற்கச் சொன்னார். அறைக்குள் வெளிப்பள்ளியிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர், தலைமையாசிரியர், மலர். உன்னைப் போலவே அவளும் கலங்கினால் காட்டிக்கொள்ள மாட்டாள், அதனால் அவள் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

ஆசிரியை மெதுவாக ஏதோ கேட்டார். சத்தம் இல்லை. நான் கதவில் காதை வைத்தேன். இன்னும் சத்தம் இல்லை. முடிந்தது, பயந்துவிட்டாள், பெயரை வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். பிறகு வெடித்தது பார், ஒரு குரல்! ஒரு மர இடைவெளி விட்டுத்தான் அவளுக்குப் பதில் வரும் என்பது எனக்கு அந்த நிமிடம் மறந்துபோயிருந்தது. காட்டில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. பக்கத்து வகுப்பே ஜன்னலில் வந்து நின்றது. ஆசிரியை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, இவள் கொஞ்சம் யோசித்து, பிறகு முழங்கினாள். எனக்குப் புரிந்தது பாதிதான், ஆனால் எங்கும் தட்டுத்தடங்கல் இல்லை என்பது புரிந்தது. நடுவில் அந்த ஆசிரியை வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா விழுந்ததையும், துரை சாக்கில் ஒட்டிக்கொண்டதையும் சொல்லியிருக்கிறாள்.

தலைமையாசிரியர் வெளியே வந்தார். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "என்னங்க இவ்ளோ சத்தம்? காது அடைச்சிருச்சு" என்றார். பிறகு, "பேரு இருக்கும். மழை நாள்ல ஒழுங்கா வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அறைக்குள் போனவர் திரும்பி வந்து, "அந்தக் கேசட் ஒரு செட்டு நம்ம பள்ளிக்கும் கெடைக்குமா? மத்த தோட்டத்துப் புள்ளைங்களும் இருக்காங்க" என்று கேட்டார்.

நான் பெரிய மனுஷன் மாதிரி, தங்கச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அண்ணன்
அர்ச்சுனன்


தைப்பிங்
6.11.1983

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

தீபாவளிக்கு வர முடியவில்லை, கோபிக்க வேண்டாம். அனுப்பிய முறுக்கு உடையாமல் வந்தது. ஆசிரியர் அறையில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அண்ணியின் விரல்கள் இப்போது மடங்குகின்றன என்று கேட்டு நிம்மதி.

இந்த மழைக்காக என் வாழ்நாளில் நான் சந்தோஷப்பட்டதே இல்லை. இப்போது தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, தெலுக் இந்தானிலும் பெய்யட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பெய்தால் மலர் பள்ளியில் இருப்பாள். போன மாதம் முழுக்க அவள் அநேகமாகப் பள்ளியில்தான் இருந்தாள் என்று தலைமையாசிரியரே எழுதியிருந்தார். இப்போது பக்கத்துத் தோட்டங்கள் மூன்றுக்குக் கேசட் போகிறது.

பரீட்சை வாரத்தில் காலைப் பாடம் போட வேண்டாம். மலர் தூங்கட்டும். அந்த வாரம் நிரையை இருளாயி அக்காவும் மற்றவர்களும் பங்குபோட்டு வெட்டித் தருவதாகச் சொன்னார்களாமே? அவர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

பயமாக இருக்கிறது, அண்ணே. என் பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

தங்கை
நவமணி


தோட்டம்
19.3.1984

அன்புத் தங்கைக்கு,

தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம், வீட்டில் அடுப்பு அணையவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி.

பதினோரு பேரில் பத்துப் பேர் ஆங்கிலத்தில் பாஸ். ஒரு பையனுக்குக் கொஞ்சத்தில் தவறிவிட்டது, மறுபடி எழுதுகிறேன் என்று அன்றைக்கே கேசட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மலருக்குக் கிரெடிட். கிரெடிட்! இந்தச் சொல்லை நான் எத்தனை தடவை சொன்னேன் என்று பஸ் கண்டக்டரைக் கேட்டால் சொல்வான்.

நானும் மலரும் முடிவு பார்த்து டவுனிலிருந்து திரும்பியபோது பால் நிறுக்கிற நேரம். ஆட்கள் எல்லாரும் வாளியோடு கொட்டகையில் நின்றார்கள். நான் அங்கே போகவில்லை. நேரே கோயிலுக்கு ஓடினேன். மரத்தில் ஏறி ஒலிபெருக்கியைக் கொட்டகைப் பக்கம் திருப்பினேன். மைக்கைக் கையில் எடுத்தேன். பழனியப்பன் தலைவர் பின்னாலேயே வந்துவிட்டார். மைக்கை என் கையிலிருந்து வாங்கி, "நம்ம வீரம்மா மக பாஸு! இங்கிலீஷ்ல கிரெடிட்டு! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று முழங்கினார். ஆத்தா கோயிலில் ஆங்கிலம் ஆகாது என்று ஓடி வந்த அதே ஆள்.

கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது பார். வாளிகளைத் தட்டுகிறார்கள், கத்துகிறார்கள், இருளாயி அக்கா நடுவில் நின்று ஆடுகிறது. உன் அண்ணி மட்டும் ஆடாமல் மலரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அண்ணன்


தைப்பிங்
22.4.1984

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நான் நலம். மலரை ஈப்போவில் தாதியர் விடுதியில் சேர்த்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்ற கோலத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நான் அழுததைப் பற்றி நீங்கள் எழுதக் கூடாது. சீருடை அவளுக்கு எவ்வளவு பொருத்தம்!

இந்த வருடத்துப் பிள்ளைகளுக்குக் கேசட் தயாராகிறது. முதல் கேசட்டை நான் பேசவில்லை. அது போடுகிற அன்றைக்கு அண்ணி நிரையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. சிவானந்தன் மாஸ்டரின் அம்மா ஞானம்மாவும் பெரியப்பாவும் அடுத்த மாதம் தோட்டத்துக்கு வந்து உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வேறு செய்தி இல்லை.

தங்கை
நவமணி


தோட்டம்
13.5.1984

அன்புத் தங்கை நவமணிக்கு,

இங்கே நலம். "எஸ், யூ மே" என்று நீ முதல் கேசட்டிலேயே சொல்லிவிட்டாய், பிறகு என்னிடம் என்ன அனுமதி? தாராளமாக வரச் சொல். பலகைப் பாலத்தை மட்டும் மெதுவாகக் கடக்கச் சொல்.

நீ சொன்னபடியே செய்தேன். உன் அண்ணி ஜனவரியிலிருந்து தன் நிரையைத் தானே வெட்டுகிறாள் அல்லவா, திங்கட்கிழமையும் போயிருந்தாள். ஆறரைக்குக் கேசட்டைப் போட்டேன். மணி அடித்தது. நாதஸ்வரம் ஒலித்தது. பிறகு உன் குரல் வரும் என்று நின்றேன்.

"குட் மார்னிங். திஸ் இஸ் மலர் ஸ்பீக்கிங். ஹவ் ஆர் யூ, அம்மா?"

நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். காட்டில் ஒரு சத்தம் இல்லை. கத்தி மரத்தில் கீறுகிற சத்தமும் நின்றுவிட்டது. கேசட் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மரத்து இடைவெளி, இன்னொரு மரத்து இடைவெளி. நீ வேண்டுமென்றேதான் அவ்வளவு விட்டிருக்கிறாய், எனக்குத் தெரியும்.

போன வருடம் முழுக்கக் கட்டுப்போட்ட கையோடு லயத்து வாசலில் உட்கார்ந்து மகள் கத்துவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள். ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்கு மரங்களுக்கு நடுவிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஐ யேம் வெரி வெல், மலர்! தேங்க் யூ!"

அவ்வளவுதான், காடு முழுக்க ஆரவாரம். இருளாயி அக்கா வாளியைப் போட்டு அடிக்கிறது. உன் அண்ணி விடவில்லை. அடுத்த மரத்தில் இன்னொன்று சொன்னாள், அதற்கடுத்த மரத்தில் இன்னொன்று. கேசட் அடுத்த கேள்விக்குப் போன பிறகும் அவள் முடிக்கவில்லை.

நான் மைக்செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

அடுத்த கேசட்டில் இடைவெளியை இன்னும் நீட்டி விடச் சொல் மலரிடம். அவள் அம்மாவுக்குப் பேச நிறைய இருக்கிறதாம்.

அண்ணன்
அர்ச்சுனன்